தகரப் பெட்டியில் நான்கு தலைமுறை

கண்டி நகரில் பழஞ்சுவடி காண வருவோர் தலதா மாளிகையையும் அதனைச் சூழ்ந்த விகாரைகளையும் நாடுவது வழக்கம்; நான் நாடியதோ, பேராதனையைக் கடந்து மகாவலி கங்கை துணைவரக் கம்பளைக்குச் செல்லும் சாலையிலிருந்து மேலே பிரியும் தோட்டப் பாதையொன்றின் முடிவில், தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்துக் காம்பராவின் பரண்மீது, திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து வந்த ஒரு குடும்பம் நான்கு தலைமுறைகளாகக் காத்துவரும் டிரங்குப் பெட்டியை.

நிலமுடையார் வீட்டுப் பத்திரங்கள் உடைமைக்குச் சாட்சி சொல்லும். இப்பெட்டியிலுள்ளவையோ, இம்மனிதர் இங்கே வாழ்ந்தார் என்ற அவ்வளவுக்கே சாட்சி. அடியில் கிடந்தது, கூலிகளாய் வந்தோர் கழுத்தில் மாட்டிவந்த, இலக்கம் பொறித்த தகர வில்லை. அவர்களுடைய கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கங்காணிமார் கையிலும் துரைமார் காரியாலயத்திலுமே உலவியது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் ஜனித்தவர் என்று நிரூபிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், விவாகமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் இடைவிடாது இங்கே வசித்தமைக்கு அத்தாட்சி கேட்டது. எழுதப்படிக்க அறியாத கொழுந்துக்காரியிடம், பதியப்படாத பிறப்புக்குப் பத்திரம் கேட்டதை நீதி என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர் ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவு. இவ்வீட்டுக்கு வந்தது மறுப்புக் கடிதமே. அதையும் எறியாமல் வைத்திருக்கிறார்கள்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோரான 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைத்தது. இப்போது பெட்டியைக் காத்துவரும் இவ்வீட்டுப் பெரியவரின் தமையனார் கண்டி இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் குடும்ப அட்டை பெற்று, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிக்குப் போனார். அவருடைய கடிதங்களும் இதே பெட்டியில்தான்.

அடுப்புப் புகை படும் பரணில் இருந்ததாலோ என்னவோ, கரையான் அண்டவில்லை. மழைநாட்டு ஈரம் மட்டும் ஓரங்களில் பழுப்பேற்றியிருக்கிறது. யாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் வெப்பமிட்டு ஒட்டிவிடப் பேரன் துடித்தான். ஒருமுறை ஒட்டினால் காகிதத்துக்குச் சேதமின்றிப் பிரிக்க இயலாது என்று தடுத்து, அமிலமற்ற தாளில் தனித்தனியே வைக்கச் சொன்னேன்.

கம்பளைப் பக்கத்திலேயே பழைய லயமொன்றில், தோட்டத் தொழிலாளர்க்கென்று அருங்காட்சியகமும் ஆவணக்கூடமும் இருக்கின்றன. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் முயற்சி அது. அங்கே ஒப்படைக்கலாமே என்றேன் பெரியவரிடம்.

“கொடுக்கலாந்தான் ஐயா. நாளைக்கு எவனாச்சும் வந்து, ஒங்கப்பன் எங்க பொறந்தான்னு கேட்டா?”

நாடற்றோராய் எஞ்சிய இந்திய வம்சாவளியினர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிவிட்டதே என்று எடுத்துச் சொன்னேன். அதற்குரிய பத்திரத்தையும் பெட்டியிலிருந்தே எடுத்துக் காட்டினார். முடிவில், மூலங்கள் வீட்டிலும் பிரதிகள் ஆவணக்கூடத்திலும் இருக்கலாம் என்று இசைந்தார். பிரதியெடுக்கக் கம்பளைக்குத் தாமே உடன்வருவதாகவும், பெட்டியைப் பிறர் கையில் தருவதற்கில்லை என்றும் சொல்லிவிட்டார்.