பள்ளிக்கூடம் போனதற்குத் தண்டம்

2007 ஜனவரியில் வலப்பனையில் இரவு பகல் தெரியாமல் மழை பெய்தது. பொங்கலுக்கு ராகலை டவுனுக்குப் போய்த் தம்பிக்குச் சட்டை எடுக்கவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பாதை இடிந்து பஸ் நின்றுவிட்டது. லயத்துக்குப் பின்னால் ஓடும் கானில் தண்ணீர் முதலில் கலங்கி வந்தது. பிறகு செம்மண்ணாக வந்தது. பிறகு அறுந்த வேர்களோடு வந்தது. அப்பாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மலை நெறையத் தண்ணி குடிச்சிருச்சி" என்றார்.

அன்றிரவு சத்தத்துக்கு முன் வாசம் வந்தது. பச்சை மண்ணும் கசங்கிய தேயிலையும் கலந்த வாசம். ஸ்டோர் பக்கம் போனால் வருகிற வாசம் நடுச்சாமத்தில் காம்பராவுக்குள் எப்படி வந்தது என்று நினைத்து முடிப்பதற்குள் பின்சுவர் உள்ளே விழுந்தது. விளக்கு அணைந்தது, தம்பியின் கை கிடைத்தது, இழுத்தேன், தகரம் பிய்ந்தது, அப்பாயி கத்தினார், இடுப்பளவு சேறு, வெளியே வந்துவிட்டோம், அம்மா வரவில்லை.

விடியும் நேரத்தில் மண்ணை விலக்கியபோது அம்மா உயிரோடு இருந்தார். முகமெல்லாம் சேறு. திறந்திருந்த கண்கள் என்னையும் தம்பியையும் அப்பாயியையும் ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தன. குறுக்குமரம் இடுப்பின்மேல் கிடந்தது. வலிக்குதா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல புள்ள" என்றார். ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிருந்தது கண்டி ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

கீழே இருக்கும் வயல் கிராமத்திலிருந்து சிங்கள ஆட்கள் மண்வெட்டிகளோடு ஏறி வந்திருந்தார்கள். கொழுந்துப் படங்கை இரண்டு கம்புகளில் கட்டி அம்மாவைத் தூக்கிப் போனவர்கள் அவர்கள்தான். "நங்கி, பயவென்ன எபா", தங்கச்சி, பயப்படாதே என்று ஒருவர் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அது யுத்த காலம், அந்த மாதம் வானொலி முழுக்க வாகரைச் சண்டை. கண்டிக்குப் போகும் வழியில் அம்புலன்சை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். எங்கள் அட்டைகள் மண்ணுக்குள் கிடந்தன. அதே மனிதர்தான் இறங்கிப் போய்ப் பேசினார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளும் நிதானம் அப்போது எனக்கு இல்லை.

அந்த மண்சரிவுகளில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் பலர் இறந்தார்கள். செத்தவர்களுக்குப் பட்டியல் இருந்தது, வீடிழந்தவர்களுக்கும் இருந்தது. உயிரோடு படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு பட்டியலும் இருக்கவில்லை.

நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். அப்பா முன்பே இறந்துவிட்டார். அப்பாயிக்குக் கண் மங்கல், தம்பி சின்னவன். அம்மாவின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிட்டு என் பேரைப் பதிந்தார்கள். யாராவது ஒருவர் பேர் பதிவில் இருந்தால்தான் தோட்டத்தில் காம்பரா கேட்க வாய் இருக்கும். 300 ரூபா கேட்டு 2006 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் 260 ரூபாவோடு மலைக்குத் திரும்பியிருந்த நேரம் அது. அதிலும் அடிப்படைச் சம்பளம் 170தான். வரவுக்கென்று கொடுக்கும் பங்கு, விடாமல் வேலைக்குப் போகிறவர்களுக்கே. பகலில் வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்த எனக்குப் பெரும்பாலும் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழுந்தது. பெரட்டுக்குப் பிந்தினாலும் கங்காணி தாத்தா மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

படுத்த படுக்கையானவரைப் பார்ப்பது என்ன வேலை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். புண்ணின் வாசத்தை டெட்டோலால் கழுவலாம், மறைக்க முடியாது. அம்மா வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். நான் திட்டுவேன். பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். பக்கத்துக் காம்பரா பெரியம்மா சாயத்தண்ணியோடு வந்து, "என்னா, ஆத்தாளுக்கும் மகளுக்கும் சண்டையா?" என்று கேட்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நிவாரண வேலை செய்த ஓர் அமைப்பு எங்களைப் போன்ற வீடுகளுக்கு மாதாமாதம் கொஞ்சம் காசு கொடுத்தது. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முழுநாள் வேலைக்குப் போக முடியாது என்பதற்காகக் கொடுத்த காசு அது. டெட்டோலும் பஞ்சும், கிளினிக் போகிற நாளில் திரீவீல் கூலியும் அதில்தான் ஓடின.

மறுவருடம் அம்மாதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார். "நான் கெடந்தது போதும், நீயும் எங்கூடக் கெடக்காத" என்றார். பகலில் பெரியம்மாவும் அப்பாயியும் பார்ப்பதாக ஏற்பாடு. விடியமுன் எழும்பி அம்மாவைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு வெள்ளைச் சீருடையில் பாதைக்கு இறங்குவேன். திரும்பி வந்ததிலிருந்து நள்ளிரவு வரை மறுபடியும் அதே வேலை.

அமைப்பிலிருந்து ஓர் ஐயா வந்து கொப்பியைத் திறந்தார். "தங்கச்சி, நீங்க இப்ப முழுநேரம் படிக்கிறீங்கதானே? அப்ப அம்மாவப் பாக்க வேற ஆள் இருக்குத்தானே?" கெட்ட மனிதர் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தவர்தான். ஆனால் அந்த மாதத்தோடு காசு நின்றது. வேலைக்கு வராததால் தோட்டத்திலும் என் பேரை வெட்டினார்கள், முற்பணத்தில் வந்த மாவும் நின்றது. காம்பராவை விடச் சொல்லி ஆள் வந்தபோது லயத்துச் சனங்கள் வாசலில் கூடி நின்றதால் அது மட்டும் தப்பியது.

பெரியம்மா ஒரு நாள் எங்கள் அம்மாவைப் பார்த்தால் அவர் சம்பளத்தில் ஒரு நாள் குறையும். அதை யார் கொடுப்பது? அதைக் கொடுக்கத்தான் தம்பி கொழும்புக்கு, வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். மீசை முளைக்காத வயது. என் உயர்தரப் பரீட்சைக்கு அவன் படிப்பு கொடுத்த விலை இதுதான். அவன் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

நான் சித்தியடைந்தேன். ஆசிரியராக விரும்பும் மலையகப் பிள்ளைகள் ஆசைப்படுகிற இடம் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. அங்கே தங்கிப் படிக்கவேண்டும் என்பதால் விண்ணப்பமே போடவில்லை. பின்னர் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது 6,000 ரூபா மாதக் கொடுப்பனவில் சேர்ந்தேன். பிறகு அதை 10,000 ஆக்கினார்கள். அந்தக் காசில் ஒரு நல்ல மெத்தை வாங்க முடிந்தது. அம்மா சில காலம் அதில் படுத்திருந்துவிட்டுப் போனார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மலைகள் மறுபடியும் இறங்கின, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாடசாலை திறந்ததும் இடாப்புக் கூப்பிட்டேன். ஒரு பிள்ளை வரவில்லை. தாத்தாவுக்குக் கால் முறிந்துவிட்டது, தாய் வெளிநாட்டில், அவள்தான் பார்க்கிறாள் என்றார்கள். தேடிப் போனேன். ஒரு மண்டபத்தின் மூலையில் தாத்தாவின் தலையைத் தூக்கிக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். "டீச்சர், நான் வந்தா இவர யாரு பாப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அரசின் அஸ்வெசும நலத்திட்டம் வந்தபின் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி 2023 இல் மாதம் 5,000 ரூபாவாக இருந்து, இப்போது 10,000 ஆகியிருக்கிறது. நல்லது. ஆனால் அது படுத்திருப்பவருக்கான காசு. பக்கத்தில் விழித்திருப்பவருக்கு என்று ஒன்றும் இல்லை. அப்படி ஒரு காசு இருக்கிற சில நாடுகளிலும் இதே கொப்பிதான். இங்கிலாந்தில் வாரம் 35 மணி நேரம் ஒருவரைப் பராமரித்தால் அரசு காசு கொடுக்கிறது. வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ படித்தால் அந்தக் காசு இல்லை. பக்கத்து ஸ்கொட்லாந்து 2023 இல் தன் புதிய திட்டத்தைத் தொடங்கியபோது முழுநேர மாணவர் பலருக்கும் கதவைத் திறந்தது. ஆகவே மாற்றலாம், மாற்றியிருக்கிறார்கள்.

படிக்கப் போனதால் அம்மாவுக்கு நான் செய்த வேலையில் ஒன்றும் குறையவில்லை. அது விடிகாலைக்கும் நள்ளிரவுக்கும் மாறியது, பகலுக்கு இன்னொருவர் கூலி கூடியது. அப்படியானால் உதவியைக் கூட்டத்தானே வேண்டும்? எங்களுக்கு வெட்டினார்கள்.

இப்போது மலைகளில் மறுபடியும் பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, தோட்டத்து ஐயாமாரே, உதவி கொண்டு வருகிற அமைப்புகளே: நோயாளியின் பெயருக்குக் கீழே, பார்த்துக்கொள்வது யார், அவருக்கு என்ன வயது, பள்ளிக்கூடம் போகிறாரா என்று ஒரு வரி கேளுங்கள். போகிறார் என்றால் காசை நிறுத்தாதீர்கள். போகவில்லை என்றால், பகலில் பார்க்கும் ஒரு பெரியம்மாவுக்குக் கூலி கொடுத்து அந்தப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள்.