தாடையில் ஒட்டிய மிட்டாய்

வெண்ணந்தூர்,
செவ்வாய் ராத்திரி

அன்புள்ள சிநேகிதிக்கு,

போன்ல சொன்னா எங்க மாமியார் காதுல விழுந்துரும், அதான் கடுதாசி. எங்க நங்கையோட மகளுக்குக் கழுத்துல கட்டின்னு சொன்னேனில்ல? ஊசி போட்டு எடுத்துப் பாத்ததுல தைராய்டு கேன்சராம். பயப்படாத புள்ள, பாப்பில்லரி வகை, ஒரு சென்டிமீட்டர் சொச்சம், நெறிக்குப் பரவல.

நங்கை நோவுக்கு அழுதது ஒரு பங்கு, "கழுத்துல தழும்பு விழுந்தா எவன் பொண்ணு கேப்பான்"னு அழுதது ஒம்பது பங்கு. தறிச் சத்தத்தையும் மீறி எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு.

டாக்டர்தான், வாய் வழியாவே எடுக்கலாம்னாரு. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல மூணு துளை. தாடைத் தோலுக்கடியில கேமராவை விட்டு, கரியமில வாயு அடிச்சு இடம் பண்ணி, கட்டியிருக்கிற பாதிச் சுரப்பியை அறுத்துப் பையில போட்டு நடுத்துளை வழியா இழுத்துக்குவாங்க. பாங்காக்ல அங்கூன் அனுவோங்னு ஒரு டாக்டர், தான் பண்ணின முதல் 60 பேரோட விவரத்தை 2016-ல எழுதினப்புறம்தான் இது ஊரூராப் பரவிச்சாம். கொரியாக்காரங்க 2007-லயே ரோபோவை அக்குள் வழியா உட்டுட்டாங்க!

ஆனா ஒண்ணு. சின்ன ஆபரேஷன்னு நங்கை ஊரெல்லாம் சொல்றா பாரு, அது சுத்தப் பொய். கழுத்துல கீறினா சுரப்பி கைக்கெட்டற தூரம். வாய்லருந்தோ அக்குள்லருந்தோ போனா அதுவரைக்கும் தோலைத் தூக்கி வழி பண்ணணும். தழும்புதான் ஒளிஞ்சுக்குது. குரல் நரம்பு, கால்சியத்தைப் பாத்துக்கிற நாலு குட்டிச் சுரப்பி, இதுகளுக்கு ஆபத்து எந்த வழியில போனாலும் உண்டு. கட்டி பெருசு, நெறிக்குப் பரவிருச்சுன்னா கழுத்தைத் தொறக்கறதுதான் நல்லது. இவளுக்குச் சின்னதா இருந்ததால தப்பிச்சா.

வாய் வழியாவே ஆபரேஷன் முடிஞ்சு, இப்பக் குரல் கணீர்னு இருக்குது. தாடைதான் இன்னும் மரத்துக் கெடக்குது, கொஞ்ச மாசத்துல சரியாயிருமாம்.

போன ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வந்தாங்க. ஆபரேஷனைப் பத்தி மூச்சு விடப்படாதுன்னு நங்கை எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. தட்டுல நம்மூரு அவுல் மிட்டாய் வச்சாங்க. புள்ள ஒரு கடி கடிச்சா, தூள் தாடையெல்லாம் ஒட்டிக்கிச்சு. இவளுக்குத்தான் தெரியலையே! மாப்பிள்ளையோட அம்மா, "தொடச்சுக்க சாமி"ன்னாங்க. இவ கன்னத்தைத் தொடைக்கிறா. "அங்க இல்ல, தாடையில."

"மரத்துக் கெடக்குதுங்க அத்தை"ன்னு கீழுதட்டை மடிச்சுத் தையல் போட்ட எடத்தையே காட்டிப்புட்டா. நங்கை மூஞ்சியைப் பாக்கணுமே! அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கிட்டத்துல வந்து பாத்துப்போட்டு, "செலவு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

உன்
வெண்ணந்தூர்க்காரி