தை பிறக்க முன்னம்

11.12.2023 திங்கள்
விடியப்புறம் இவர் ரூஞ்சிஸ் மொத்தச் சந்தைக்குப் போட்டு வந்தவர். முருங்கைக்காய் சரியில்லை. வாடல். விலையைக் கேட்டிட்டு விட்டிட்டு வந்திட்டாராம். கடை திறக்கேக்க கை விறைச்சுப் போச்சு. மீன் பெட்டி உடைக்க உடைக்க விரல் நுனி வெடிக்குது. கிறீம் பூசினால் சாமானில மணக்கும். பூசேல்லை.
கொன்ரெயினர் கொழும்பால வெளிக்கிட்டாச்சு. பொங்கல் சாமான் முழுக்க அதுக்குள்ளதான். மண்பானை, பனங்கட்டிக் குட்டான், சிவப்புப் பச்சையரிசி, ஒடியல் மா, நெல்லிரசம், போத்தல் கள்ளு. ஜனவரி முதல் கிழமை லு ஆவ்ர் துறைமுகத்தில இறங்கும் எண்டவை.
இளவாலை அப்பு வந்தவர், யாழ்ப்பாணத்துத் தோலகட்டி வைன் கேட்டு. "தோலகட்டி வைன் வந்ததோ பிள்ளை?" இல்லை அப்பு. புழுக்கொடியல் ஒரு பக்கற் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பல்லால எப்பிடிச் சப்பிறாரோ.

13.12 புதன்
எரிச்சல். ரெண்டு கடை தள்ளிப் புதுக் கறித்தூள் வந்திருக்கு. பையில பனைமரம், பெரிய எழுத்தில யாழ்ப்பாணம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அரைச்ச இடம் வேற. எங்கட விலையில பாதி. சனம் அள்ளிக்கொண்டு போகுது.
எங்கட தூள் சுன்னாகத்தில வறுத்து இடிச்சு வாறது. பை உடைச்சால் கடை முழுக்க மணக்கும். தும்மித் தும்மித்தான் கட்டிறன். அதைக் கேக்க ஆளில்லை.
ஊர்ப் பேரை ஆரும் ஒட்டலாமெண்டால் ஊரில செய்யிறவைக்கு என்ன மிச்சம்?

16.12 சனி
கடை நிறையச் சனம். நிண்டபடி சாப்பாடு.
பின்னேரம் தம்பி, என்ர மோன், போனைக் காட்டினான். செங்கடலில கப்பலுக்கு அடிக்கிறாங்களாம், பெரிய கம்பனியள் அந்தப் பாதையை விடுகினமாம். எங்கட கப்பல் எங்க நிக்குது எண்டு கேட்டன். ஏடனுக்கு இன்னும் போகேல்லையாம்.
வயித்துக்குள்ள என்னவோ செய்யுது.

19.12 செவ்வாய்
ஏஜன்ற் கதைச்சவர். கப்பல் சுயெசுக்குப் போகாது. தென்னாபிரிக்காவைச் சுத்தித்தான் வரும். பத்துப் பதினைஞ்சு நாள் கூட. சுத்திறதுக்கு மேலதிகக் காசும் நாங்கள்தான் கட்டோணும்.
பொங்கல் 15. எண்ணிப் பார்த்தன். திரும்பவும் எண்ணிப் பார்த்தன்.
இவர் ஒண்டும் சொல்லேல்லை. அரிசி மூட்டையைத் தூக்கி அடுக்கிக்கொண்டே இருந்தார்.

22.12 வெள்ளி
நத்தார் சனம். ரவை, கஜு, பூசணி அல்வா. கேக் அடிக்கிறவை எல்லாரும் அதே கேள்வி. "அக்கா, தோலகட்டி வைன் இல்லையோ? பழம் ஊற வைக்க." இல்லை. இல்லை. இல்லை. சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு.
அப்புவும் வந்தவர். இல்லை அப்பு.
இரவு தம்பியைப் பிடிச்சு இருத்தினன். அந்த வைனைச் சட்டப்படி இறக்க என்ன செய்யோணும் எண்டு பார் எண்டன். ஐரோப்பாவுக்குள்ள வைன் வர வீ.ஐ.1 எண்டொரு பத்திரம் வேணுமாம். இலங்கையில அங்கீகரிச்ச ஆய்வுகூடம் சோதிச்சு எழுதித் தரோணும். எங்கட சின்ன லைசென்சில வைன், பியர் விக்கலாம். திக்கம் சாராயத்துக்குப் பெரிய லைசென்ஸ் வேணும். சாராயத்தை விடு, வைனைப் பார் எண்டன்.
"கொஞ்சப் போத்தலுக்கு ஏனம்மா இவ்வளவு?" எண்டான். பேசிப்போட்டன். பிறகு கவலையாப் போச்சு.

24.12 ஞாயிறு
மருமகன் நேற்று ஊரில இருந்து வந்தவன். சூட்கேசுக்குள்ள, மாமியின்ர பழஞ்சீலையில சுத்தி, ரெண்டு போத்தல். தோலகட்டி. ஒருத்தர் 4 லீற்றர் கொண்டு வரலாம், தன்ர பாவனைக்கு. விக்கேலாது.
ராப்பூசை முடிஞ்சு வந்து ஒண்டை உடைச்சம். இனிப்பு. தொண்டைக்குள்ள மெல்லிசாச் சுடுது. இவர் போர்தோ குடிச்சுப் பழகினவர், "சிரப் மாதிரிக் கிடக்கு" எண்டார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அம்மம்மா நத்தாருக்கு மூடியால அளந்து தாறவ. அதே மணம். 90ஆம் ஆண்டு தோலகட்டிப் பக்கம் முழுக்க இடம்பெயர்ந்து எழும்பினது, நாங்களும் எழும்பினது. மணம் மட்டும் மாறேல்லை.
மற்றப் போத்தலை அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்.

27.12 புதன்
ஆர் சொன்னதோ தெரியாது, ஒருத்தர் வந்து அந்தப் போத்தலுக்கு 60 யூரோ தாறன் எண்டார். இல்லையெண்டன். 80 எண்டார். இல்லையெண்டன்.
கொன்ரெயினர் காசுக்கு அந்தரிக்கிற நேரம். இரவு முழுக்க அந்த 80 மனசுக்குள்ள நிண்டது. எண்டாலும் சரி. ஒளிச்சு வித்தால் ஒளிச்சு வித்த சாமானாத்தான் கிடக்கும். எனக்கு அது தட்டில வேணும். விலை ஒட்டி, பேர் எழுதி, மற்றப் போத்தலுகளுக்குப் பக்கத்தில.

31.12 ஞாயிறு
மிஞ்சின ஒடியல் மாவில கூழ் காய்ச்சினன். கச்சல் போக ரெண்டு தண்ணி மாத்தினது. நண்டு, றால், பயித்தங்காய், பலாக்கொட்டை. உறைப்பில மூக்கால ஓடினது. நல்லா இருந்தது. ஒரு மணித்தியாலம் கப்பலை மறந்திருந்தன்.

3.1.2024 புதன்
தம்பி கூப்பிட்டுக் காட்டினான், தானாத்தான் தேடிப் பிடிச்சவன். 100 லீற்றருக்கு மேல போகாட்டில், லேபல் ஒட்டின சின்னப் போத்தல் எண்டால், அந்த வீ.ஐ.1 பத்திரம் தேவையில்லை! முக்கால் லீற்றர்ப் போத்தல் 133. அதுக்குள்ள அடங்கும்.
சுங்கத்தீர்வை இருக்கு. வைன் வரி லீற்றருக்கு நாலு சதம் அளவில. பெறுமதி வரி 20 வீதம். நெல்லிரசத்துக்கு 5.5தான். எல்லாம் கூட்டினால் ஒரு போத்தல் 13 யூரோவுக்குக் கீழ குடுக்கேலாது. 5 யூரோவுக்கு நல்ல வைன் கிடைக்கிற நாட்டில. வாங்குவினம். வாங்குவினமோ?
நித்திரை வரேல்லை. சந்தோசத்தில.

7.1 ஞாயிறு
கப்பல் ஆபிரிக்காவுக்கு மேற்குப் பக்கமாம். தம்பியின்ர படத்தில ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அதுக்குள்ள என்ர பானையள்.
சனம் பானை கேக்குது. இல்லை. பனங்கட்டி கேக்குது. பழைய ஸ்ரொக்கில கொஞ்சம், ஆளுக்கொரு குட்டான் எண்டு குடுக்கிறன். ஒரு அக்கா சண்டைக்கு வந்திட்டா. முழங்கால் நோ.

9.1 செவ்வாய்
சரியான குளிர். வியாபாரம் இல்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து போத்தல் கள்ளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசிப் போத்தல். பனையில இருந்து இறக்கிறது, சூடு காட்டிப் போத்தலில அடைக்கிறது எண்டு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில சொன்னன். மரத்தில ஆர் ஏறுறது எண்டு கேட்டார். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேக்காத கேள்வி. தளநார், முட்டி, பாளை சீவிறது, எல்லாம் கையால காட்டினன். வாங்கிக்கொண்டு போனார்.
அப்பா பிளாவில குடிச்ச கள்ளு இல்லைத்தான் இது. அந்த நுரை, அந்தப் புளிப்பு போத்தலுக்குள்ள நிக்காது. எண்டாலும் அதே பனை.

11.1 வியாழன்
மாமிக்கு அடிச்சன். தோலகட்டிக்காரரிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னன், 133 போத்தல் ஒரே தரமாத் தருவினமோ எண்டு. மாமி சிரிச்சவ. "அங்க வைன் ஆறா ஓடுதாம், உனக்கு ஏனடி பிள்ளை இது?" எண்டா. பிறகு, போறன் எண்டா.
அப்பு இந்தக் கிழமை வரேல்லை.

14.1 ஞாயிறு
கரும்பு வந்தது, மஞ்சள் இலை வந்தது. பானை இல்லை. சனம் சில்வர்ப் பானையோட போகுது. ஒவ்வொருத்தருக்கும் அதே கதை, செங்கடல், தென்னாபிரிக்கா. ஒரு பிள்ளை சொன்னா, "பரவாயில்லை அன்ரி, பொங்கினால் சரி." கட்டிப்பிடிக்க வேணும் போல இருந்தது.
அப்பு வரேல்லை. ஆரிட்டக் கேக்கிறது? பேர்கூடத் தெரியாது. இளவாலை எண்டுதான் தெரியும்.

15.1 திங்கள்
கடை வாசலில பொங்கினம். சில்வர்ப் பானைதான். வடக்குப் பக்கம் வழிஞ்சது. நல்லதாம்.
பத்து மணிபோல அப்பு. தடிச்சுக் கட்டின மப்ளர், இருமல். தடிமனாம், மகள் வெளியில விடேல்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது, வரேலாட்டில் சொல்லி விடுறேல்லையோ எண்டு.
"வைன் வந்ததோ?" எண்டார்.
உள்ளுக்குப் போய் அலுமாரியில இருந்த போத்தலை எடுத்து வந்து கையில குடுத்தன். காசை நீட்டினார். வாங்கேல்லை. இது விக்கிற போத்தல் இல்லை அப்பு, விக்கிறது பிறகு வரும், அதுக்குக் காசு தாங்கோ எண்டன். லேபலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு வாசிச்சுக்கொண்டே நிண்டார். பொங்கல் ஆறிப்போச்சு.

16.1 செவ்வாய்
ஏஜன்ற்: 20க்குப் பிறகுதான் இறங்கும். இறங்கட்டும். பானை பழுதாகாது, அடுத்த தைக்கு விக்கலாம். பனங்கட்டிதான் கசியுமோ எண்டு பயம்.
மாமி அனுப்பினவ: கேட்டாச்சு, நேர கதைக்கட்டாம். தம்பி லேபல் கீறுறான். பிரெஞ்சில இறக்கிறவரின்ர பேர், மதுசார வீதம், சல்பைற், பிள்ளைத்தாச்சிப் படம், எல்லாம் சட்டப்படி. அதுக்கு மேல தமிழில பெருசா தோலகட்டி, யாழ்ப்பாணம் எண்டு போடச் சொன்னன். இடம் காணாதாம். எழுத்தைச் சின்னனாக்காதை, படத்தைச் சின்னனாக்கு எண்டன். படமும் தெளிவாத் தெரியோணுமாம். அப்ப பெரிய லேபலா அடி.
அங்க காலமை 9 எண்டால் இங்க 4.30. இவர் சந்தைக்கு எழும்பேக்க நானும் எழும்பி அடிக்கோணும்.