பூட்டும் திறப்பும்

ஒரு பொருள் மனிதனுக்கு எப்போது உண்மையில் உரியதாகின்றது? விலை கொடுத்து வாங்கியபோதா, அன்றி அதன் இயல்பை அறிந்துகொண்டபோதா? கடையிலிருந்து புதிதாக வந்த மடிக்கணினி ஒன்று, கலைப்பீடத்தின் இறுதி வருட மாணவி ஒருத்தியிடம் இவ்வினாவை எழுப்பிற்று. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள் அவள். தாயின் காப்பொன்று அடகுக்குப் போன பின்னரே அக்கணினி விடுதி அறைக்கு வந்து சேர்ந்தது. அது 2025ஆம் ஆண்டின் இறுதிக் காலம்.

கணினியோடு வந்த எழுத்துச் செயலியை ஒரு மாதத்துக்கு மட்டுமே பணமின்றிப் பயன்படுத்தலாம். மாதம் முடிந்ததும் அது பணம் கேட்டது. விடுதியிற் கைமாறித் திரிந்த களவுப் பிரதியொன்றைத் தருவதற்கு அறைத்தோழி முன்வந்தாள். பிறர் எழுத்தைப் பெயர் சுட்டாது எடுத்தாள்வது களவென்று மூன்றாண்டுகளாகப் படித்தவளுக்கு, எழுதும் கருவியே களவாக இருப்பது மனத்தை உறுத்தியது. விஞ்ஞான பீடத்துச் சிரேஷ்ட மாணவர் ஒருவர் வேறு வழி கூறினார்.

"தங்கச்சி, லினக்ஸ் போட்டுப் பாரும். களவும் இல்லை, காசும் இல்லை."

காசில்லை என்பது அதன் சிறப்புக்களுள் மிகச் சிறியதே. ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒருங்கே குறித்து மயக்கம் விளைவிக்கின்றது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' முயற்சியை அறிவித்தபோது அவர் வேண்டியது கட்டற்ற நிலையையே. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், மாற்றவும், பிறரோடு பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை வெளியிட்டார். 1992இல் அது குனு பொது உரிமத்தின் கீழ் வந்தது. இவ்விரண்டும் இணைந்தமைந்த பணிசெயல் முறைமைகளுள் ஒன்று டெபியன். 1993இல் தொடங்கிய அதனைத் தொண்டர்களே இன்றளவும் பேணி வருகின்றனர்.

சிரேஷ்ட மாணவர் கைப்பட எழுதிய குறிப்புத்தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார். அவருக்கு அது முன்னொருவரிடமிருந்து வந்தது. அத்தாள் கூறியபடி அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். கிராமங்களில் மூன்று மாதமாகச் சேகரித்த தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களின் எழுத்துப்படிகள் அவளது ஒரேயொரு பென் டிரைவில் இருந்தன. அவற்றைப் புதிய கணினியில் இட்டாள். பின்னர் பென் டிரைவை அழித்து, அதில் டெபியனின் நிறுவற் கோப்பை எழுதினாள். 'செக்கியூர் பூட்' எனப்படும் பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்துமாறு தாள் பணித்தது; நிறுத்தினாள். பழைய முறைமையை அழிக்காது, அதன் அருகே புதியதற்கும் இடம் ஒதுக்கினாள். நிறுவும் போது மொழிகளின் வரிசையில் தமிழையும் கண்டு மகிழ்ந்தாள். ஒரு மணி நேரத்தில் டெபியன் திரையிற் தோன்றியது.

மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. வைபை இணைப்பைக் காணவில்லை. பழைய முறைமைக்குத் திரும்பலாமென்று கணினியை மீளத் தொடக்கியபோது நீலத்திரை ஒன்று எழுந்து, நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைத் தருமாறு கேட்டது. அவ்விலக்கங்களை அவள் ஒருபோதும் கண்டதில்லை. தன் கணினியின் சேமிப்பகம் பூட்டப்பட்டிருந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். எந்தக் கணக்கைக் கொண்டு கணினியை முதலில் இயக்கினார்கள் என்பது அங்கு எவருக்கும் நினைவில்லை. பாடல்கள் அனைத்தும் அப்பூட்டின் உள்ளே இருந்தன. அவற்றைப் பாடியவர்களுள் இருவர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.

அன்றிரவு தாய் தொலைபேசியில் அழைத்தாள். "பிள்ளை, கொம்பியூட்டர் சரியா வேலை செய்யுதே?"

"ஓம் அம்மா," என்றாள். வேறெதுவும் சொல்ல நா எழவில்லை.

விடியும்வரை அவள் செய்தது வாசிப்பு ஒன்றே. கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்ததும் டெபியனுக்கு இணையம் கிடைத்தது. பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை என்பதை அவள் முதலில் அறிந்தாள். 2019இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல் டெபியன் அதனோடு இணங்கியே இயங்குகின்றது. குறிப்புத்தாள் அதற்கு முற்பட்டது போலும். அதில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கவில்லை. பூட்டின் காரணமும் தெளிவாயிற்று. கணினியிலுள்ள பாதுகாப்புச் சில்லு, கணினி எந்நிலையில் தொடங்குகின்றது என்பதை அளந்து வைத்திருக்கும். அந்நிலை மாறாதிருந்தால் மட்டுமே சேமிப்பகத்தின் திறப்பை வழங்கும். நிலையை மாற்றியவள் அவளே. ஆதலின் அதனை முன்போலாக்கினால் திறப்பும் கிடைத்தல் கூடும்.

பாதுகாப்புத் தொடக்கத்தை மீண்டும் இயக்கினாள். டெபியனின் தொடக்கப் பட்டியல் வழியாகச் செல்லாமல், கணினியின் சொந்தப் பட்டியலிலிருந்து பழைய முறைமையை நேரே தெரிந்தாள். நீலத்திரை வரவில்லை. பாடல்கள் வைத்த இடத்தில் வைத்தவாறே இருந்தன. அவற்றை முதலில் வேறிடத்திற் பிரதி செய்தாள். மீட்புத் திறப்பையும் தேடி எடுத்துத் தாளில் எழுதி வைத்தாள்.

வைபைக் குறை அத்துணை அச்சந் தரவில்லை. டெபியன் தன் தொடக்கத்தின்போது நிகழ்ந்தவற்றை வரிவரியாகப் பதிந்து வைக்கின்றது. அவ்வரிகளுள் ஒன்று, இன்ன பெயருடைய கோப்பு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறிற்று. கட்டற்றவை அல்லாத சாதனக் கோப்புக்களையும் நிறுவலில் சேர்ப்பதற்கு டெபியன் தொண்டர்கள் 2022இல் வாக்களித்துத் தீர்மானித்தனர்; எனினும் இக்கணினியின் பாகம் அப்பதிப்பினும் புதியது. புதிய கருநிரலையும் அக்கோப்பையும் பெற்று நிறுவியதும் இணைப்புத் தோன்றியது. ஏட்டுச் சுவடியிற் சிதைந்த இடத்தைக் கண்டறியக் கற்றவளுக்கு இது முற்றிலும் அந்நியமான தொழிலன்று. குறை எங்கே என்று பாடமே சுட்டுமாயின் பதிப்பாசிரியனின் பணியிற் பாதி முடிந்துவிடும்.

இறுதியில் எஞ்சியது அவளே இட்ட பூட்டு. பாடல்களை அவள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தாள். அவ்வெழுத்துரு இல்லாத டெபியனில் 'தமிழ்' என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. எழுத்துரு ஒன்றில்லையேல் வாசிக்க முடியாத பாடலும் பூட்டிய பாடலே. லினக்ஸ் பிறந்த 1991ஆம் ஆண்டிலேயே வெளியான ஒருங்குகுறியின் முதற் பதிப்பில் தமிழுக்கும் இடமளிக்கப்பட்டது. பாடல்கள் அனைத்தையும் அதற்கு மாற்றி, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த அவளுக்கு ஒரு வாரம் சென்றது.

கட்டற்றது எளிதென்று கூறுவோர் அதனை அறியாதவர். அது உழைப்பைக் கேட்கின்றது, நேரத்தைக் கேட்கின்றது, தவறினால் பழிசொல்ல ஆளில்லாமலும் செய்துவிடுகின்றது. ஆயினும், தன் குறையை மறையாது கூறி, வாசிக்கத் துணிந்தவரை உள்ளே அனுமதிக்கின்றது. நிரல் எழுத அறியாத ஒரு கலைப்பீட மாணவிக்கும் அவ்வுரிமை பயனுடையதாயிற்று.

அடுத்த மாதம் கனிஷ்ட மாணவி ஒருத்தி புதிய கணினியோடு வந்து, "அக்கா, அந்தத் தாளைத் தாறீங்களே?" என்று கேட்டாள். அவள் பழைய தாளைக் கொடுக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதினாள். கோப்புக்களுக்கு இரண்டு பிரதி எடுத்து வைத்தல் முதலாவதாகவும், மீட்புத் திறப்பை எழுதி வைத்தல் இரண்டாவதாகவும் அதில் இடம்பெற்றன. பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்துமாறு கூறிய வரி நீக்கப்பட்டது. தாளின் தலைப்பில், எவருக்கும் தெரியும்படி, ஆண்டைக் குறித்தாள்.