மெட்ரோ பார்க்க மீனம்பாக்கம் வரை

அஸ்தினாபுரத்துக்காரர்களுக்கு மெட்ரோ என்பது குரோம்பேட்டைக்குப் போய், அங்கிருந்து திரிசூலம் வரை மின்சார ரயிலில் போய், பிறகு ஏற வேண்டிய வண்டி. விமான நிலையத்தோடு நீல வழித்தடம் முடிந்துவிடுகிறது, 2016 செப்டம்பரிலிருந்து இதே கதைதான். கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நீட்டிப்பதற்கான திட்ட அறிக்கை தயாராகிவிட்டது. அதில் குரோம்பேட்டையும் இருக்கிறது. நம்புவோம்!

ஆனால் ஏறிவிட்டால் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சின்னமலை வரை வண்டி மேலே, வீடுகளின் மொட்டை மாடிக்கு மேலே போகும். பிறகு சரிந்து இறங்கும். அடுத்த நிலையம் சைதாப்பேட்டை, பூமிக்கடியில். வெளிச்சம் சட்டென்று அணைகிறது. நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று அண்ணா சாலையின் அடியிலேயே ஓட்டம். மேலே சிக்னலில் நிற்பவர்களை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் அற்பத்தனமான மகிழ்ச்சிதான்.

நீலமும் பச்சையும் இரண்டு இடங்களில் சந்திக்கின்றன: ஆலந்தூரில் தூண்கள் மேல், சென்ட்ரலில் மண்ணுக்குள். கோயம்பேடு போக ஆலந்தூரில் மாறினால் போதும், சென்ட்ரல் வரை சுற்ற வேண்டாம். 2020இல் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு பேருந்து நிலையம் மூன்றுக்கும் தலைவர்கள் பெயர் சூட்டப்பட்டது. சென்ட்ரலின் முழுப்பெயரை அறிவிப்புக் குரல் சொல்லி முடிப்பதற்குள் கதவருகே போய் நின்றுவிடலாம்.

லண்டனில் 1863இல் நீராவி எஞ்சினையே சுரங்கத்துக்குள் ஓட்டினார்கள், அந்தப் புகையோடு! நமக்கு 2017 மே மாதம், திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை, குளிர்சாதனத்தோடு தொடங்கியது. தாமதத்தில் இப்படியும் ஒரு லாபம்.