பால்கோவா பெட்டியில் ஒரு கூட்ஸ் வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டுக்குப் பால்கோவா வந்தால் இனிப்பு எல்லோருக்கும் பங்கு. காலி அட்டைப்பெட்டி மட்டும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு. அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி அவன் செய்வது ரயில் பெட்டிகள். எக்ஸ்பிரஸும் இல்லை, வந்தே பாரத்தும் இல்லை. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்ப்பார்களே, அந்தச் சரக்கு வேகன்கள்தான்.

அளவில் அவன் கறார். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. உலகம் முழுக்க மாடல் ரயில் பிரியர்கள் ‘எச்ஓ’ என்று சொல்லும் அளவு இது. கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அமெரிக்க, ஐரோப்பிய ரயில்களுக்கு அது பொருந்தும். நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கும் மேலே போகிறது. அமெரிக்க ‘பாக்ஸ்கார்’ கிட்டாக வாங்கலாம். நம் ஊர் வேகனுக்கு அட்டையும் பசையும்தான் கதி.

இப்போது ஓடும் மூடிய வேகன்களில் ‘பிசிஎன்எச்எல்’ என்று எழுதியிருக்கும். பி என்றால் போகி, சி என்றால் மூடியது, என் என்றால் காற்று பிரேக். கடைசி இரண்டு எழுத்துகள், அதிக பாரம் தாங்கும், தன் எடை குறைந்த வேகன் என்பதற்கு. ஒன்றில் 70.8 டன் ஏற்றலாம். 50 கிலோ சிமென்ட் மூட்டை என்றால் 1,416. இப்படி 58 வேகன் சேர்ந்தால் ஒரு முழு வண்டி. நீளம் சுமார் 636 மீட்டர். மாடலாகச் செய்தாலும் 24 அடி வரும். வீட்டு ஹாலில் ஐந்து வேகன் நிற்பதற்கே அம்மாவிடம் தினமும் அர்ச்சனை.

பையனுக்கு ரொம்பப் பிடித்தது வேகனின் 11 இலக்க எண். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு தயாரான ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண். கடைசி இலக்கம் காவல்காரன். உதாரணத்துக்கு 3106124508 என்று பத்து இலக்கங்களை வைத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 22, அதை மூன்றால் பெருக்கினால் 66. ஒற்றை இடங்களின் கூட்டல் 8. மொத்தம் 74. அடுத்த முழுப் பத்தான 80-க்கு இன்னும் 6 வேண்டும். அந்த 6-தான் பதினோராவது இலக்கம். எங்காவது ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அட்டை வேகனிலும் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

ஐந்து வேகன்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் இருக்கும் அம்மா வழித் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். தாத்தா அந்தக் காலத்தில் கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்கியவர். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணை அவர் கவனிக்கவே இல்லை.

“எல்லாம் சரிதான்டா. கதவு ஏன் திறக்க மாட்டேங்குது?”

“ஒட்டிட்டேன் தாத்தா. உள்ளே ஒண்ணும் இல்லையே.”

“கதவு திறக்கலேன்னா அது என்னடா வேகன்?”

அவருக்கு வேகன் என்றாலே கதவுதான். திறந்தால் அன்றைக்குக் கூலி. விருதுநகர் – தென்காசி பாதை 1927-ல் மீட்டர் கேஜாக வந்தது. வடக்கேயிருந்து அகலப் பாதையில் வரும் சரக்கை வழியில் இறக்கி, சின்ன வேகனுக்கு மாற்றித்தான் இந்தப் பக்கம் அனுப்ப முடியும். ஒரு பஞ்சுப் பொதி 170 கிலோ. அன்றைக்கு ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகனைக்கூடப் பதிவு செய்யலாம். 1980-களில் ரயில்வே முழு வண்டிச் சரக்கின் பக்கம் திரும்பியது. ஒரு வேகன், இரண்டு வேகன் சரக்கெல்லாம் லாரிக்குப் போனது. ரயில்வே கணக்கில் அது நியாயமாகவே இருக்கலாம்; ஷெட் வாசலில் காத்திருந்தவர்களின் கணக்கு வேறு. இந்தப் பாதை 2000-களின் தொடக்கத்தில் அகலமானபோது, தாத்தா தோளில் துண்டு போட்டு வேலைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது.

இப்போது ஆறாவது வேகன் தயாராகிறது. மீட்டர் கேஜ் வேகன், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு. கதவுக்குக் கீலாகத் துணி நாடா. பழைய வேகனின் வரைபடம் பையன் கையில் இல்லை. தாத்தாவின் உடம்புதான் வரைபடம். வேகனின் தளம் எவ்வளவு உயரம் என்று கேட்டால், எழுந்து நின்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டுகிறார். பையன் தரையிலிருந்து டேப் பிடிக்கிறான். 105 சென்டிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டர்.

“கூனிட்டேன்டா. இன்னும் ஒரு விரக்கடை சேர்த்துக்கோ” என்கிறார் தாத்தா.