முகமூடியின் உட்புறம்

பட்டறைக்குள் நுழைந்தபோது முகமூடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்தவை குழிந்த மர முதுகுகள் மட்டுமே. உள்ளே உளி ஓடிய தடங்கள் வரிவரியாக இருந்தன. கண்துளைகள் வழியே சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"முதலில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். போட்டுக்கொள்கிறவனுக்குத் தெரிவது இந்தப் பக்கம்தான்" என்றார் பெரியவர்.

இத்தாலியின் சார்தீனியா தீவில், பார்பாஜா என்ற மலைநாட்டில் இருக்கிறது மாமோயாதா. நுவோரோ நகரத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரப் பயணம். கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம். சுமார் 2,500 பேர் வாழும் ஊர். ஆடு மேய்ப்பதும் கன்னொனாவ் திராட்சையில் மது வடிப்பதும் இங்கே தலைமுறைத் தொழில்கள். ஆனால் ஊரின் பெயர் தீவைத் தாண்டிப் போனது மாமுத்தோனெஸ் என்ற கருப்பு உருவங்களால். நான் போய் இறங்கியது ஜனவரி 15. இரண்டு நாளில் அந்த உருவங்கள் ஆண்டின் முதல் முறையாகத் தெருவுக்கு வரவேண்டும்.

பெரியவர் பேசியது சார்து மொழி. இத்தாலிய மொழியின் வட்டார வழக்கு என்று அதை நினைத்துவிடக் கூடாது. இலத்தீனிலிருந்து பிரிந்து தன் வழியில் வளர்ந்த தனி மொழி. நுவோரோவில் படிக்கும் மாணவி ஒருத்தி எனக்காக மொழிபெயர்த்தாள். அவள் அவரை 'ட்சியு' என்று அழைத்தாள். மாமா, சித்தப்பா, ஊரின் மூத்த ஆண் எல்லோருக்கும் அந்த ஒரே சொல். நானும் அப்படியே அழைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கொஞ்சம் நெருங்கிப் பேசினார்.

முகமூடிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'விசெரா'. மாமுத்தோனெஸின் விசெரா கருப்பு. புடைத்த கன்ன எலும்பு, பெரிய மூக்கு, துருத்திய மோவாய், தடித்த உதடு. வேதனையைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் முகம் அது. பயமுறுத்தும் பேய்முகம் ஒன்றை எதிர்பார்த்து வந்த நான் முதல் முகமூடியைத் திருப்பியதும் பேச்சில்லாமல் நின்றேன். அது என்னைப் பயமுறுத்தவில்லை. அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அத்தி, ஆல்டர், செஸ்ட்நட், காட்டுப் பேரி என்று பல மரங்களில் விசெரா செதுக்குகிறார்கள். ட்சியுவின் கை விரும்புவது காட்டுப் பேரியை. மேய்ச்சல் நிலங்களில் முள்ளோடு தானாக முளைத்து, காற்றில் கோணிக்கொண்டு, மெதுவாக வளரும் மரம். கட்டை இறுகி இருக்கும். நார் நெருக்கமாக ஓடும். எந்தத் திசையில் உளி வைத்தாலும் பிளந்துகொண்டு போகாது. மூக்கு போலத் துருத்தி நிற்கும் பகுதிகளுக்கு அந்தக் குணம் வேண்டும். குளிர்காலத்தில் தேய்பிறையில் வெட்டிய மரத்தைத்தான் தொடுவேன் என்றார். வெட்டியதும் நிழலில் போட்டுவிட வேண்டும். அவசரப்பட்டவன் மரம் கன்னத்தில் வெடிக்கும். பட்டறை மூலையில் பாதியாகப் பிளந்த துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் வெட்டிய ஆண்டு எழுதியிருந்தது.

அன்று அவர் முடித்துக்கொண்டிருந்த விசெரா ஓர் இளைஞனுக்காக. அவன் முதல் முறையாக ஊர்வலத்தில் போகிறான். வெளிப்பக்கத்தை ஏற்கெனவே கோடரியிலும் வாச்சியிலும் எழுப்பி, உளியில் திருத்தி முடித்திருந்தார். மீதி இருந்தது உட்குடைவு. கட்டையைத் தொடை இடுக்கில் கவிழ்த்து வைத்து, குழியுளியைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இடுக்கி போலச் சேர்த்துச் சுவரின் கனத்தைப் பார்த்தார். அளவுகோல் எதுவும் அருகில் இல்லை. நெற்றிப் பக்கம் கொஞ்சம் கனம் விட்டார், மோவாய்ப் பக்கம் குறைத்தார். முகமூடி முன்னால் கவிழாமல் நெற்றியில் உட்கார அந்தக் கணக்கு என்றார்.

மாலையில் அந்த இளைஞனே வந்தான். ட்சியு அவன் முகத்தைக் கையால் அளந்தார்: பொட்டுக்குப் பொட்டு ஒரு சாண், மூக்கின் தண்டில் விரல் வைத்து ஓர் அழுத்தம். பிறகு கட்டைக்குள் அதே விரலை வைத்து, பென்சிலால் ஒரு கோடு. அவர்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. செருப்புத் தைக்கிறவர் கால் அளவு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு அளவு எடுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

கடைகளுக்காக அவர் சின்ன விசெராக்களும் செய்கிறார். உள்ளங்கை அளவு, பின்புறம் தட்டை, சுவரில் மாட்ட ஒரு கொக்கி. பயணிகள் வாங்கிப் போகிறார்கள், அதில் அவருக்கு வருமானம் உண்டு, அதை அவர் குறைவாக எண்ணவும் இல்லை. ஆனால் நான் விலை கேட்டபோது அந்தச் சின்னதைக் காட்டாமல் பேச்சை மாற்றினார். எனக்கு அது புரிந்தது என்றே நினைக்கிறேன். உள்ளே இடமில்லாத முகமூடிக்குள் யாரும் போக முடியாது. ஊரில் 2001இல் திறந்த மத்தியதரைக்கடல் முகமூடி அருங்காட்சியகத்துக்கு மறுநாள் காலையில் போனேன். அங்கே ஆட்டுத்தோலும் மணியும் பூட்டிய முழு உருவங்களாகவே முகமூடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை, ஐபீரியத் தீபகற்பம், கிரேக்கம், பால்கன் நாடுகளின் விலங்குமுகங்களும் பக்கத்தில் நிற்கின்றன. மணி கட்டிய, தோல் போர்த்திய இந்த உருவம் ஐரோப்பாவின் மேய்ச்சல் ஊர்கள் பலவற்றில் குளிர்காலத்தில் எழுந்து நடக்கிறது என்பதைக் கண்முன்னே காட்டும் நல்ல ஏற்பாடு. ஆனாலும் உட்புறம் அங்கேயும் சுவருக்கே தெரிகிறது.

அருங்காட்சியகத்திலிருந்து நேரே ஒத்தானாவுக்குப் போனோம். சமவெளியில் இருக்கும் இந்த ஊரில் 1970களில் பெட்ரோ ரசாயனத் தொழிற்சாலை கட்டினார்கள். மேய்ப்பர்கள் தொழிலாளர்கள் ஆவார்கள், மலைநாட்டின் ஆள்கடத்தலும் கொள்ளையும் ஒழியும் என்பது அரசின் கணக்கு. வேலைகள் வந்தன, பிறகு போய்விட்டன. புகைபோக்கி மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது. நாங்கள் பார்த்த செதுக்குபவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்பாவின் உளிகளை அந்த ஆண்டுகளில் எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் துருப்பிடிக்காமல் கிடைத்தன என்று சொன்னார்.

ஒத்தானாவின் உருவங்கள் வேறு. 'போய்' என்பது எருது: நீண்ட கொம்பு, நெற்றியில் செதுக்கிய நட்சத்திரம் அல்லது பூ. அது நல்வாய்ப்பின் அடையாளம். 'மெர்தூலே' அந்த எருதின் சொந்தக்காரன். கோணிய வாய், சுருங்கிய முகம், கையில் தடியும் தோல்கயிறும். ஊர்வலத்தில் எருது தரையில் புரளும், முட்டும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். மெர்தூலே இழுத்துப் பிடிப்பான். உழவனுக்கும் மாட்டுக்கும் இடையில் காலம் காலமாக நடக்கும் அந்த இழுபறியைத்தான் ஆடுகிறார்கள். யார் யாரை இழுக்கிறார்கள் என்பது சில நேரம் தெரியாது என்றார் செதுக்குபவர். அவருடைய மெர்தூலே முகத்தைவிட எருது முகத்தில்தான் அமைதி அதிகம். அது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது உருவம் ஃபிலொன்சானா. கருப்பு உடுத்திய, கூன் விழுந்த விதவை. கையில் கம்பளி நூற்கும் கதிர். ஓர் ஆண்தான் அந்த வேடம் போடுகிறான். அவள் நூற்பது எதிரே நிற்பவனின் ஆயுள். ஒரு கோப்பை மது கொடுக்காதவன் முன்னால் கத்திரியை எடுத்து நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். அவளுடைய முகமூடி மேசைமேல் கிடந்தது. எங்களோடு வந்த மாணவி அதைக் கையில் எடுக்க மறுத்துவிட்டாள். சின்ன வயதில் பாட்டியின் வீட்டு வாசலில் அந்தக் கத்திரியைப் பார்த்தவள் அவள்.

மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலைக்கு அப்பால் தொனாரா என்ற ஊரில், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கட்டும் இரும்புத் தகட்டு மணிகளைக் கையாலேயே அடித்துச் செய்கிறார்கள். கடைசியில் சுத்தியலால் விளிம்பில் தட்டித் தட்டி, காதால் கேட்டு ஓசை சேர்ப்பது அங்கே தனித் திறமை. மாமுத்தோனெஸின் மணிகளுக்கு நாக்கு எலும்பில். மணிகளின் மொத்தச் சுமைக்கு 'கார்ரிகா' என்று பெயர். ஏறக்குறைய 30 கிலோ. பெரும்பகுதி முதுகில்.

அன்று, ஜனவரி 16 மாலை, மாமோயாதா திரும்பினோம். புனித வனத்து அந்தோணியார் திருநாளின் முன்மாலை. கோயில் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகைக் கொளுத்தினார்கள். பாதிரியார் அதை மூன்று முறை சுற்றி வந்து ஆசீர்வதித்தார். பிறகு ஒவ்வொரு தெருக்காரரும் அந்தத் தீயிலிருந்து கங்கு எடுத்துக்கொண்டு போய்த் தம் தெருவின் சொக்கப்பனையைப் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க நெருப்பு. எந்த நெருப்பருகே போனாலும் கையில் மதுவும் பலகாரமும் திணித்தார்கள்.

ட்சியு எங்களைத் தன் தெரு நெருப்பருகே உட்காரவைத்துக் கதை சொன்னார். உலகத்தில் நெருப்பு இல்லாத காலம். குளிரில் நடுங்கிய மக்கள் பாலைவனத்தில் தவமிருந்த அந்தோணியாரிடம் போய் அழுதார்கள். அவர் தன் பன்றிக்குட்டியையும் ஃபெருலாக் கோலையும் எடுத்துக்கொண்டு நரகத்தின் வாசலுக்குப் போனார். புனிதரை உள்ளே விட முடியாது என்றன பேய்கள். பன்றி மட்டும் இடுக்கில் நுழைந்துவிட்டது. உள்ளே அது செய்த அட்டகாசம் தாங்காமல், வந்து உன் பன்றியைப் பிடித்துக்கொண்டு போ என்று அவரையே கூப்பிட்டன. அவர் உள்ளே உட்கார்ந்து குளிர் காய்ந்தார். கோலின் நுனியை நெருப்பில் வைத்திருந்தார். வெளியே வந்து கோலை வீசினார். பொறிகள் நாலு திசையிலும் பறந்தன.

இந்தச் சார்தீனியக் கதையை எழுத்தாளர் இதாலோ கால்வீனோ 1956இல் வெளியிட்ட இத்தாலிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் சேர்த்திருக்கிறார். கதையின் சூட்சுமம் அந்தக் கோலில் இருக்கிறது. ஃபெருலா ஆள் உயரம் வளரும் செடி. நம் பெருங்காயம் எடுக்கும் செடியும் அதே பேரினம்தான். தண்டின் உள்ளே பஞ்சு போன்ற சோறு. அதில் தீ பிடித்தால் மேல்தோல் கருகாமல் உள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கிரேக்கத்தின் பிரொமீதியஸ் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிக் கொண்டுவந்ததும் இதே செடியின் தண்டில்தான். ட்சியுவுக்குப் பிரொமீதியஸ் தெரியாது; தன் தாத்தா காட்டில் ஃபெருலாத் தண்டில் கங்கு கொண்டுபோனது தெரியும். உள்ளே குடைந்தது எதையாவது சுமக்கும் என்று அவர் போகிற போக்கில் சொன்னதை மாணவி மொழிபெயர்த்தபோது, நெருப்பின் மறுபக்கம் மேசையில் கிடந்த விசெராவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

17ஆம் தேதி மதியம், அலங்கரிக்கும் கூடம். மேய்ப்பர்களின் வெல்வெட் உடைமேல் கருப்பு ஆட்டுத்தோல். அதற்குமேல் கார்ரிகாவைத் தூக்கி வைத்து, இரண்டு பேர் காலை முட்டுக்கொடுத்துத் தோல்வாரை இழுத்துக் கட்டினார்கள். வார் இறுகும்போது அந்த இளைஞன் மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். தளர்ந்த கட்டு முதுகை அறுத்துவிடும். இறுகிய கட்டு மூச்சை எடுக்கும். கடைசியாக விசெரா, குல்லா, அவற்றின்மேல் பெண்கள் கட்டும் பழுப்புத் தலைத்துண்டு. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த 12 பேரும் முகம் மறைந்த கணத்தில் பேச்சை நிறுத்தினார்கள். இனி இரவு வரை மாமுத்தோனெஸ் பேச மாட்டார்கள்.

இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக இசொஹதோரெஸ் என்ற கயிற்றுக்காரர்கள் எட்டுப் பேர் முன்னும் பின்னும் நடத்திப் போனார்கள். அவர்கள் கையில் 'சொஹா' என்ற கோரைக் கயிறு. அதைச் சுழற்றி வீசிக் கூட்டத்தில் ஒரு பெண்ணைச் சுருக்கிட்டு இழுப்பது நல்ல சகுனம். மாமுத்தோனெஸ் குனிந்து, தோளை ஒரு பக்கம் தள்ளி ஓர் அடி வைக்கிறார்கள். 12 முதுகும் ஒரே நேரத்தில் குலுங்குகின்றன. அத்தனை மணிகளுக்கும் ஒரே ஓசை. அடுத்த அடிவரை மௌனம். திடீரென்று மூன்று விரைந்த குதிப்புகள். அந்த ஓசை காதுக்கு வருமுன் நெஞ்செலும்புக்கு வந்துவிடுகிறது. கைதிகளா, மாடுகளா, இறந்தவர்களா என்று அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. வட ஆப்பிரிக்க மூர்களைத் தோற்கடித்து இழுத்துவந்த நினைவு என்பார் உண்டு. கிறித்தவத்துக்கு முந்தைய மேய்ப்பர் சடங்கு என்பார் உண்டு. ஒவ்வொரு நெருப்பையும் அவர்கள் சுற்றிவருவதைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு, ஒரே ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்தது: அந்தக் களைப்பு நடிப்பு இல்லை. மரத்தில் செதுக்கிய வேதனைக்கும் உள்ளே இருக்கும் முகத்துக்கும் இரவு ஏற ஏற வேறுபாடு குறைந்துகொண்டே வந்திருக்கும்.

இரவு கூடத்தில் முகமூடிகளைக் கழற்றினார்கள். இளைஞனின் மூக்குத்தண்டில் செந்தடம் பதிந்து தோல் உரிந்திருந்தது. அவன் யாரிடமும் முறையிடவில்லை. ட்சியு விசெராவை வாங்கித் திருப்பினார். உட்புறம் வியர்வையில் கருத்து மினுங்கியது. கட்டைவிரலை உள்ளே விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தினார். அவன் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அங்கே ஒரு புள்ளி வைத்தார்.

மறுநாள் காலை பேருந்துக்கு முன்னால் விடைபெறப் போனேன். முகமூடி அடுப்புக்குத் தள்ளி, சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடையில் கவிழ்த்தார். கொட்டாப்புளி தேவைப்படவில்லை. குழியுளியை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். புள்ளியோடு சேர்ந்து ஒரே ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அவர் அதை ஊதித் தள்ளிவிட்டு, முகமூடியை மறுபடியும் அதே ஆணியில், அதே பக்கமாக மாட்டினார்.